97, பக்கத்தில் ஒரு நட்சத்திரம்

ஜி.ஆர். விஸ்வநாத், ஆட்டமிழக்கவில்லை, 97. இந்திய அணியின் மொத்தம் 190. கழித்துப் பாருங்கள்: மற்ற பத்துப் பேர் எடுத்ததும் உதிரி ரன்களும் சேர்ந்து 93. அவருக்கு அடுத்தபடியாக அதிகம் எடுத்தவர் அசோக் மன்கட், 19. கீழே பந்துவீச்சுப் பகுதிக்கு வந்தால் மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி ராபர்ட்ஸ், 64 ரன்னுக்கு 7 விக்கெட். 1975 ஜனவரி 11-ஆம் தேதி சேப்பாக்கத்தில் தொடங்கிய டெஸ்டின் முதல் இன்னிங்ஸ் அட்டை இது. புள்ளிவிவரப் பைத்தியங்களில் நானும் ஒருவன். எத்தனையோ அட்டைகளைப் புரட்டியிருக்கிறேன். இது மட்டும் அலுப்பதில்லை.

படிக்கப் படிக்கத்தான் சில சங்கதிகள் பிடிபடும். விக்கெட் விழுந்த வரிசையைப் பாருங்கள். 76-க்கு 6, 117-க்கு 8. அந்த நேரத்தில் உள்ளே வருகிறவர் பிஷன் சிங் பேடி. பந்தைக் கையில் கொடுத்தால் மன்னாதிமன்னர்; மட்டையைக் கொடுத்தால் அப்படிச் சொல்ல முடியாது. அவரை வைத்துக்கொண்டு ஒன்பதாவது விக்கெட்டுக்கு 52 ரன். பேடி போனதும் சந்திரசேகர். டெஸ்ட் வாழ்க்கை முழுவதும் சேர்த்து 242 விக்கெட் வீழ்த்தி, 167 ரன் மட்டுமே எடுத்த மகானுபாவர் அவர். அவர் எதிர்முனையில் நிற்க, கடைசி விக்கெட்டுக்கு 21 ரன். அந்த 21-இல் சந்திராவின் பங்கைத் தேட பூதக்கண்ணாடி வேண்டும்.

பதினோராவது ஆட்டக்காரரை வைத்துக்கொண்டு ஆடுகிறவருக்கு ஓவருக்கு ஆறு பந்து கிடையாது. ஓடாமல் விட வேண்டிய பந்து எது, அடித்தே தீர வேண்டிய பந்து எது, ஒற்றை ரன்னோடு முனை மாற வேண்டிய கடைசிப் பந்து எது என்று ஒவ்வொரு ஓவரையும் முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். எதிரே ராபர்ட்ஸ். ஆன்டிகுவாத் தீவிலிருந்து டெஸ்ட் ஆட வந்த முதல் மனிதர். முகத்தில் எதையும் காட்டமாட்டார். ஒரே ஓட்டம், ஒரே கைவீச்சு, ஆனால் இரண்டு வேகத்தில் பவுன்சர்: மெதுவானதைப் பார்த்துத் துணிச்சல் வந்தவனுக்கு வேகமானது அடுத்துக் காத்திருக்கும். அந்தத் தொடரின் ஐந்து டெஸ்டில் அவர் எடுத்தது 32 விக்கெட். அப்படிப்பட்டவரை எதிர்த்து நின்ற விஸ்வநாத்தின் உயரம் ஐந்தடிக்கு மேல் மூன்று நான்கு அங்குலம்தான். ஹெல்மெட் புழக்கத்துக்கு வராத காலம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் அந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள்தாம். சென்னைக்குத் தூர்தர்ஷன் வந்ததே அந்த வருஷம் ஆகஸ்டில்தான். ஆகவே எனக்கு இது முழுக்க முழுக்கக் கேள்வி ஞானம். பொங்கல் டெஸ்டுக்கு லீவு போட்டுவிட்டு, எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலத்தோடு காலையிலேயே போய் இடம்பிடித்த தலைமுறை அது. அவர்களில் யாரைக் கேட்டாலும் ஒரு ஸ்கொயர் கட் பற்றிச் சொல்வார்கள். ஒருவர் அது பாயிண்டுக்கு இடப்பக்கம் போனது என்பார். இன்னொருவர் இல்லை, வலப்பக்கம் என்று சண்டைக்கு வருவார். இரண்டு பக்கமும் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த கட் அடியைப் பிற்காலத்துப் படச்சுருள்களில் பார்த்திருக்கிறேன். அதைக் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். அளவு குறைந்து, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே எழும் பந்து. ஆறடி ஆளுக்கு அது இடுப்புயரம், இவருக்கு நெஞ்சுயரம். குள்ளமானவர்கள் இந்தப் பந்தை விட்டுவிடுவார்கள், அல்லது மட்டையைக் கிடைமட்டமாக வீசி மேலே தூக்கி அடித்துக் கேட்ச் கொடுப்பார்கள். இவர் பின்காலைக் குறுக்கே கொண்டுபோய், முன்பாதத்தில் எம்பி நின்று, பந்தின் உயரத்துக்குத் தம்மை ஏற்றிக்கொள்வார். இன்னும் அடிக்கமாட்டார். பந்து ஏறக்குறைய உடம்பைத் தாண்டப் போகிறது. தவறவிட்டார் என்று விக்கெட் கீப்பர் கையை நீட்டுகிற நேரம். அப்போதுதான் மட்டை மேலிருந்து இறங்கும். பந்தின் முதுகில் பட்டதும் மணிக்கட்டு உருளும். உருள்வதால் பந்து கீழே பார்க்கும். அடித்த வேகத்தால் எல்லைக்கோட்டைப் பார்க்கும். பாயிண்டில் நிற்பவர் குனிவதற்குள் அவரைக் கடந்திருக்கும்.

மணிக்கட்டு ஆட்டம் என்றாலே பந்தைத் தடவிவிடுவது என்று ஓர் எண்ணம் இருக்கிறது. விஸ்வநாத்தைப் பற்றி எழுதுகிறவர்களும் கவிதை, வருடல் என்றெல்லாம் எழுதிவிடுகிறார்கள். லேட் கட்டுக்கு அது பொருந்தும். ஸ்கொயர் கட்டில் வருடல் எதுவும் இல்லை, அது வெட்டு. அதன் அழகு மென்மையில் இல்லை, தாமதத்தில் இருக்கிறது. மற்றவர்களுக்குக் காலம் முடிந்துபோன இடத்தில் இவருக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

அட்டைக்குத் திரும்புவோம். மேற்கிந்தியத் தீவுகள் முதல் இன்னிங்ஸில் 192. முன்னிலை வெறும் 2 ரன். இந்தியா இரண்டாவதில் 256, அதில் விஸ்வநாத் 46. 255 எடுத்தால் வெற்றி என்று இறங்கிய அவர்களை பிரசன்னாவும் பேடியும் சுருட்ட, 154-க்கு ஆட்டம் முடிந்தது. வெற்றி வித்தியாசம் 100. முதல் இன்னிங்ஸ் 97-ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே ஆட்டத்தில் 121 ரன்னுக்கு 12 விக்கெட் எடுத்த ராபர்ட்ஸ் தோற்ற அணியில் இருந்தார் என்பது அந்த அட்டையின் இன்னொரு கொடுமை.

மூன்று ரன் கிடைத்திருந்தால் அது சதம் என்ற கட்டத்தில் ஏறியிருக்கும். ஏறாததால் கம்ப்யூட்டரில் சதங்களை வடிகட்டித் தேடுகிறவன் கண்ணில் இந்த ஆட்டம் படவே படாது. எனக்கு இதில் வருத்தமில்லை. 2001-இல் விஸ்டன் மிகச் சிறந்த 100 டெஸ்ட் இன்னிங்ஸ் என்று ஒரு பட்டியல் போட்டபோது சதமில்லாத இந்த ஆட்டத்துக்கும் இடம் கொடுத்தது. 97-ஐ விட அதன் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரக் குறி முக்கியம் என்பேன். ஆள் விழவில்லை, ஆள் பற்றாமல் போய்விட்டது என்று அது சொல்கிறது. சந்திரா இன்னும் நாலு பந்து தாக்குப்பிடித்திருக்கலாம் என்று சேப்பாக்கத்து ரசிகர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். விஸ்வநாத் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி என் பைத்தியத்தின் பக்கம். 91 டெஸ்ட், 155 இன்னிங்ஸ், 6,080 ரன், சராசரி 41.93, 14 சதம். 41.93 என்பதைப் பார்த்து இந்தக் காலத்துப் பையன்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஐம்பதுக்கு மேல் சராசரி வைத்திருப்பவர்களை வரிசையாகப் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. சராசரி என்பது கான்பூரின் செத்த ஆடுகளத்தையும் சேப்பாக்கத்தில் துள்ளிய ஆடுகளத்தையும் ஒரே தராசில் போட்டு நிறுத்துவிடும். இந்த மனிதர் செத்த ஆடுகளத்தில் சில சமயம் அசட்டையாக அவுட் ஆகிவிடுவார். பந்து துள்ளினால்தான் அவருக்கே ஆட்டத்தில் ருசி வரும்போல. 1979 ஜனவரியில் அதே சேப்பாக்கத்தில், அதே மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அவர் எடுத்த 124 இன்னொரு சாட்சி: அணியின் மொத்தம் 255, இந்தியா 3 விக்கெட்டில் வெற்றி, ஆறு டெஸ்ட் கொண்ட அந்தத் தொடரில் முடிவு கண்ட ஆட்டம் அது ஒன்றுதான். அவருடைய அதிகபட்சமான 222-உம் சேப்பாக்கத்தில்தான், 1982-இல், இங்கிலாந்துக்கு எதிராக. யஷ்பால் சர்மாவோடு சேர்ந்து 316 ரன். நாள் முழுக்க விக்கெட்டே விழவில்லை. பெரிய ஸ்கோர், அதைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை.

விஸ்வநாத் சதம் அடித்தால் இந்தியா தோற்காது என்று ஒரு பிரபலமான கணக்கு உண்டு. உண்மைதான். 14 சதத்தில் 4 வெற்றி, 10 டிரா. கல்கத்தா 139, போர்ட் ஆஃப் ஸ்பெயின் 112, சென்னை 124, மெல்போர்ன் 114: நான்கு வெற்றியும் நல்ல பந்துவீச்சுக்கு எதிரே, வியர்வை சிந்தி வந்தவை. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 1976-இல் நாலாவது இன்னிங்ஸில் 403 எடுக்க வேண்டியிருந்ததை 4 விக்கெட் இழப்பில் எடுத்து முடித்தார்கள். ஆனால் அந்தப் பத்து டிராவை நான் பெரிதாகக் கொண்டாடமாட்டேன். அந்தக் காலத்தில் நம் ஊர் ஆடுகளங்களில் டெஸ்ட் டிரா ஆகாவிட்டால்தான் செய்தி. இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. சேப்பாக்கத்து 97-க்கு அடுத்த டெஸ்ட், பம்பாயில் புதிதாகக் கட்டிய வான்கடே மைதானத்தின் முதல் டெஸ்ட். அதில் விஸ்வநாத் 95. இந்தியா 201 ரன் வித்தியாசத்தில் தோற்றது. இன்னும் ஐந்து ரன் எடுத்திருந்தால் சதமும் வந்திருக்கும், ‘சதம் அடித்தால் தோல்வியில்லை’ என்ற கணக்கும் உடைந்திருக்கும். சென்னையில் மூன்று ரன் குறைந்ததற்கு அழுகிற ரசிகன், பம்பாயில் ஐந்து ரன் குறைந்ததற்குப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம்.

நான் உண்மையாகவே ரசிக்கும் புள்ளிவிவரம் வேறொன்று. விஸ்வநாத்துக்கு முன் முதல் டெஸ்டிலேயே சதம் அடித்த இந்தியர் ஐந்து பேர்: லாலா அமர்நாத், தீபக் ஷோதன், நம்ம மெட்ராஸ் கிருபால் சிங், அப்பாஸ் அலி பேக், ஹனுமந்த் சிங். ஐவரில் ஒருவரும் அதற்குப் பிறகு டெஸ்டில் இன்னொரு சதம் காணவில்லை. 1969 நவம்பரில் கான்பூரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் பூஜ்யம் எடுத்து, இரண்டாவதில் 137 எடுத்தார் விஸ்வநாத். அதில் 25 பவுண்டரி; அதாவது நூறு ரன் ஓடாமலே வந்தது. அந்த ஐவர் சாபம் இவரையும் பிடிக்கும் என்று சொன்னவர்கள் மூன்று வருஷத்துக்கு மேல் அதைச் சொல்லிக்கொண்டிருக்க முடிந்தது. அடுத்த சதம் 1973-இல்தான் வந்தது.

ஆட்டக்காரர்களின் நடத்தையைப் பற்றிப் பேசினால் எனக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு. நன்றாக கவர் டிரைவ் ஆடுகிறவன் நல்லவனாகவும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது ரசிகனின் பேராசை. பலரிடம் ஏமாந்துபோகிறோம், தப்பு நம்முடையது. ஆனால் விஸ்வநாத்திடம் ஆட்டத்தையும் ஆளையும் பிரிப்பது கஷ்டமாக இருக்கிறது. பம்பாய், 1980 பிப்ரவரி, கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழா டெஸ்ட். இங்கிலாந்துக்கு எதிரான ஒற்றை ஆட்டம். கேப்டன் விஸ்வநாத்; கேப்டனாக அது அவருக்கு இரண்டாவது டெஸ்ட், அதுவே கடைசியும். நடுவே சூரிய கிரகணம் வந்ததால் அந்த நாளை ஓய்வு நாளாக்கிவிட்டார்கள். நம் நாட்டில் மட்டுமே நடக்கக்கூடிய சங்கதி.

இந்தியா 242. இங்கிலாந்து 58-க்கு 5. போத்தமும் விக்கெட் கீப்பர் பாப் டெய்லரும் ஜோடி சேர்கிறார்கள். கபில்தேவ் பந்தில் கிர்மானி பிடித்துக் கேட்க, நடுவர் ஹனுமந்த ராவ் விரலைத் தூக்கிவிட்டார். ஸ்லிப்பில் நின்ற விஸ்வநாத்துக்குப் பந்து மட்டையில் படவில்லை என்று தோன்றியது. நேரே நடுவரிடம் போனார், பேசினார், டெய்லரைத் திரும்ப ஆட வைத்தார். இங்கே கவனிக்க வேண்டியது நேரம். இப்போதைய விதிப்படி, அடுத்த பந்து ஆட்டத்துக்கு வருவதற்குள்தான் கேப்டன் முறையீட்டைத் திரும்பப் பெற முடியும், அதுவும் நடுவர் சம்மதித்தால். ஆலோசனைக் கூட்டம் போட அவகாசமில்லை. தாமதமாக ஆடியே பேர் வாங்கிய மனிதர் இந்த ஒரு விஷயத்தில் தாமதிக்கவில்லை.

டெய்லர் 43 எடுத்தார். போத்தம் 114. ஆறாவது விக்கெட்டுக்கு 171 ரன். இங்கிலாந்து 296. பிறகு போத்தம் இந்தியாவை 149-இல் சுருட்டினார். ஆட்டம் முழுதும் சேர்த்து 106 ரன்னுக்கு 13 விக்கெட். விக்கெட்டுக்குப் பின்னால் டெய்லர் மட்டும் 10 கேட்ச். இங்கிலாந்துக்கு 10 விக்கெட் வெற்றி.

போத்தம் அப்படி வீசினார், டெய்லரைக் கூப்பிடாவிட்டாலும் தோற்றுத்தான் இருப்போம் என்று விஸ்வநாத்தின் அபிமானிகள் சமாதானம் சொல்வதுண்டு. எனக்கு அந்தச் சமாதானம் பிடிக்காது. 58-க்கு 5-இலிருந்து 171 ரன் கூட்டணி வந்ததற்கு அந்த அழைப்பு ஒரு காரணம்தான். தோல்வியில் அதற்குப் பங்கு உண்டு. பங்கே இல்லாத இடத்தில் பெருந்தன்மை காட்ட யாராலும் முடியும். 300-க்கு 5 என்று இருந்தபோது கூப்பிட்டிருந்தால் இன்று யார் நினைவில் வைத்திருப்பார்கள்? கபிலுக்கு அன்று ஒரு விக்கெட் போயிற்று. அவர் கோபித்திருந்தால் அதையும் நான் தப்பென்று சொல்லமாட்டேன்.

அட்டையில் இது எதுவும் இல்லை. டெய்லர் 43, பிறகு அவுட், அவ்வளவுதான். முதல் தடவை அவுட் ஆனதற்கான தடயம் ஒரு புள்ளிகூடக் கிடையாது. விஸ்வநாத்தின் கேப்டன் கணக்கில் மட்டும் 2 ஆட்டம், 0 வெற்றி, 1 தோல்வி, 1 டிரா என்று பதிவாகியிருக்கிறது.

இதற்கு ஜோடியாக தோனியைச் சொல்வார்கள். 2011, டிரென்ட் பிரிட்ஜ். தேநீர் இடைவேளைக்கு முந்தைய பந்து, இயான் பெல் பவுண்டரி போய்விட்டது என்று நினைத்துக் கோட்டை விட்டு நடந்துவிட்டார்; நம்மவர்கள் ரன் அவுட் செய்துவிட்டார்கள். இடைவேளையில் இங்கிலாந்து கேப்டன் ஸ்டிராஸும் பயிற்சியாளர் ஆண்டி ஃபிளவரும் வந்து கேட்க, தோனி முறையீட்டைத் திரும்பப் பெற்றார். சென்னைக்காரன் என்ற முறையில் எனக்கு தோனி மேல் தனிப் பிரியம். பெல்லைத் திரும்ப அழைத்ததற்காக ஐ.சி.சி. பின்னாளில் கொடுத்த விருதும் தகும். ஆனால் தராசில் வைத்தால் பம்பாய்தான் ஒரு படி மேல். தோனியிடம் வந்து கேட்டார்கள். விஸ்வநாத்திடம் யாரும் கேட்கவில்லை. பெல் விஷயத்தில் கூட்டம் கூச்சலிட்டது. வான்கடேயில் கூட்டம் விக்கெட்டைக் கொண்டாடிக்கொண்டிருந்தது.

இந்தக் குணத்தைச் சிலாகிக்கும்போது பக்கத்தில் ஒரு பெயர் வந்து நிற்பதைத் தவிர்க்க முடியாது. 1981 பிப்ரவரி, மெல்போர்ன். முதல் இன்னிங்ஸில் இந்தியா 237, அதில் 114 விஸ்வநாத்துடையது. இரண்டாவது இன்னிங்ஸில் கவாஸ்கர் 70-இல் இருந்தபோது லில்லியின் பந்தில் எல்.பி.டபிள்யூ. என்றார் நடுவர். மட்டையில் பட்டது என்பது கவாஸ்கரின் வாதம். லில்லி ஏதோ சொல்லப்போக, எதிர்முனையில் இருந்த சேத்தன் சவுகானையும் தள்ளிக்கொண்டு மைதானத்தை விட்டுப் புறப்பட்டுவிட்டார். எல்லைக்கோட்டருகில் அணி மேலாளர் சவுகானை மடக்கித் திருப்பி அனுப்பினார். பிறகு ஆஸ்திரேலியாவை 83-க்குச் சுருட்டி 59 ரன்னில் ஜெயித்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்த வெளிநடப்புக்குக் கவாஸ்கர் பின்னர் பலமுறை வருத்தம் தெரிவித்திருக்கிறார். அன்றைய அவமானத்தில் அவருக்கும் நியாயம் இருந்தது. நடுவர்கள் ஆட்டம் நடக்கும் நாட்டுக்காரர்களாகவே இருந்த காலம் அது. ஆகவே ஒருவரைத் தூக்கிப் பிடிக்க இன்னொருவரை மட்டம் தட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒரே அணியில், மைத்துனர்களான இரண்டு பேர் (கவாஸ்கரின் தங்கை கவிதாவைத்தான் விஸ்வநாத் மணந்தார்) நடுவரின் விரலை இவ்வளவு வித்தியாசமாகப் பார்த்தார்கள் என்பதே ருசிகரம். விஸ்வநாத் மட்டையில் பட்டது என்று தெரிந்தால் விரலுக்குக் காத்திருக்கமாட்டார், நடந்துவிடுவார்.

கவாஸ்கரா, விஸ்வநாத்தா என்ற பழைய சண்டை இன்னும் ஓயவில்லை. 10,122 ரன், 34 சதம், சராசரி 51.12 என்று கவாஸ்கர் பக்கம் எண்கள் மலைபோல் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த வங்கிக்காரர் ஒருவர் இந்த எண்களை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு, வாதம் முடிந்தது என்று காபியைக் கையில் எடுப்பார். அவரிடம் நான் சொல்வது இதுதான்: தன்னைவிட விஸ்வநாத் பெரிய ஆட்டக்காரர் என்று கவாஸ்கரே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். 1976-இல் பிறந்த மகனுக்கு அவர் வைத்த பெயர் ரோஹன் ஜெய்விஸ்வா. ரோஹன், கன்ஹாய்க்காக. ஜெய், ஜெய்சிம்ஹாவுக்காக. விஸ்வா யாருக்காக என்று சொல்ல வேண்டியதில்லை. வங்கிக்காரர் ஒப்புக்கொள்வதில்லை. அது தன்னடக்கம், அதை ஸ்கோரில் சேர்க்க முடியாது என்கிறார்.